கியோகுரோ: ஐஸில் இனிக்கிறது, சூட்டில் கசக்கிறது

ஜப்பானின் யாமே பகுதியிலிருந்து வந்த கியோகுரோ கிரீன் டீ. பறிப்பதற்கு முன் சுமார் 20 நாள் செடியை நிழலில் மூடி வளர்ப்பார்கள். அதனால் இலையில் தியானைன் என்ற அமினோ அமிலம் தங்கி, இனிப்பும் உமாமியும் (சூப் மாதிரி நாவில் நிறையும் ருசி) கூடும். ஐஸில் போட்டால் அது அப்படியே கிடைக்கிறது. இலை மேல் ஐஸ்கட்டிகளை வைத்துத் தானாக உருக விடுகிறேன். கொஞ்சமே வரும், ஆனால் கெட்டியாக, கடல்பாசி வாசனையோடு, நாக்கில் நெடுநேரம் நிற்கிறது. இவ்வளவு அருமையான டீ நான் குடித்ததில்லை.

சூடாகப் போட்டால் மட்டும் கசப்பு, நாக்கு வறண்டுபோகும் துவர்ப்பு.

அளவு 5 கிராம் இலைக்கு 60 மில்லி தண்ணீர், 60 டிகிரி, 2 நிமிடம். 50 டிகிரிக்கு இறக்கினேன், துவர்ப்பு குறைந்தது, போகவில்லை. நேரத்தை ஒன்றரை நிமிடமாக்கினால் சப்பென்று இருக்கிறது. இருப்பது சென்னையில், போர் தண்ணீர் உப்பு. அதனால் கேன் தண்ணீருக்கு மாறினேன் (ஐஸும் அதில்தான்). அப்புறம் குவளையைச் சூடாக்காமலும் பார்த்தாயிற்று. பாக்கெட் போன மாதம் பிரித்தது, காற்றுப் புகாமல் ஃபிரிட்ஜில் இருக்கிறது. இலை இன்னும் கரும்பச்சைதான்.

கியோகுரோவைச் சூடாகக் குடிப்பவர்கள் சொல்லுங்கள்: இந்தத் துவர்ப்பு போக அடுத்து எதை மாற்ற வேண்டும்?