அட்டாலில கெடந்த நெகட்டிவ் பொட்டி புளிச்ச வாடை அடிக்குது, காப்பாத்த முடியுங்களா?

கோபிப் பேரன்:
வணக்கமுங்க. எங்க அப்பாரு கோபில ஸ்டுடியோ வெச்சிருந்தாருங்க. 1960கள்ல இருந்து எடுத்த கருப்பு வெள்ளை நெகட்டிவ் எல்லாம் ஒட்டுக்கா ஒரு தகரப் பொட்டில போட்டு அட்டாலி மேல கெடந்துச்சு, ஓட்டு வீடு, சித்திரைல அங்க கை வெக்க முடியாது. போன வாரம் எறக்கித் தொறந்தா மூக்குல ஏர்ற புளிச்ச வாடைங்க. சிலது பொரிச்ச அப்பளமாட்ட நெளிஞ்சிருக்குது, சிலதுல பழுப்புத் திட்டு, மிச்சம் நேத்து கழுவுன மாதிரி இருக்குது. ஒரே பொட்டில இருந்தது எப்படிங்க இப்படி? கருப்பு வெள்ளை நூறு வருஷம் தாங்கும்னு சொல்லுவாங்களே? ஊர்ல பாதிப்பேர் கல்யாணம், பாரியூர் குண்டம் எல்லாம் இதுலதானுங்க இருக்குது.

திருப்பூர் டார்க்ரூம்:
தம்பி, படம் வேற, அது ஒட்டியிருக்கற ஃபிலிம் வேற. படமா நிக்கறது வெள்ளி, கலர் ஃபிலிம் சாயமாட்ட வெளுக்காது, அதனாலதான் நூறு வருஷம்ங்கறது. போறது அடியில இருக்கற அசிடேட்ங்கற பிளாஸ்டிக். சூட்டுலயும் ஈரத்துலயும் அது அசிட்டிக் ஆசிட் விடும், வினிகர்ல இருக்கற அதேதான், அந்த ஆசிட் மூடுன பொட்டிக்குள்ள தேங்கிச்சுன்னா இன்னும் வேகமா அரிச்சுரும். பழுப்பு வேற கதை. படத்தை நெலைக்க வெக்கற ஹைப்போ மருந்துல போட்ட பொறவு ஓடற தண்ணில நல்லா அலசோணும், கெணறு வத்துன கோடைல ரெண்டு முக்கு முக்கி காயப்போட்டவங்க நெறைய, நானும் போட்டிருக்கேன், இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல. நின்ன ஹைப்போ வெள்ளியைப் பழுப்பாக்கிரும். உங்க அப்பாரு நல்லா அலசுனது தப்பிச்சிருக்குது.

ஈரோடு ஸ்கேன்:
அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல இருக்கற ஐபிஐ (இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட்) கணக்குல 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்துல புது அசிடேட்டே சுமார் 40 வருஷத்துல இந்த வாடை அடிக்க ஆரம்பிச்சுரும், ஓட்டு வீட்டு அட்டாலிக்கு அவ்வளவு கூட இல்லீங்க. வாடை அடிக்கறதை இன்னைக்கே தனியா பிரிச்சுருங்க, காத்தாட வைங்க, பிவிசி கவர் வேண்டவே வேண்டாம். ஸ்கேன் பண்றப்ப நெளிஞ்சதுதான் மொதல்ல, படம் இருக்கற ஜெலட்டின் படலம் உரிஞ்சு மடிப்பு விழுந்துட்டா வீட்டுல வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அப்பறம் ரெண்டு ஜிப் கவர் போட்டு ஃப்ரீசர்ல வெச்சா அரிப்பு ரொம்ப மெதுவாகும், வெளிய எடுத்தா குளிர் போற வரைக்கும் கவரைத் தொறக்காதீங்க, வேர்த்துரும். ஓரத்துல சேஃப்டினு எழுதியிருக்குதான்னும் பாருங்க. ரொம்பப் பழசு கலந்திருந்தா அசிடேட்டுக்கு முந்துன நைட்ரேட் ஃபிலிமா இருக்கலாம், அது தீப்பிடிக்கற சாமான், கோடக் 1951லயே நிறுத்திருச்சு.

கோபிப் பேரன்:
ரொம்ப நன்றிங்க. பாத்துட்டேன், எல்லாத்துலயும் சேஃப்டி இருக்குது. அப்பத்தாவோட கல்யாணப் படம் நெளிஞ்ச கட்டுலதானுங்க இருக்குது. கண்ணாடி வெச்சு அமுக்கி எடுக்கலாங்களா?

திருப்பூர் டார்க்ரூம்:
அமுக்காத கண்ணு, விண்டு போயிரும். லைட் பாக்ஸ் மேல சும்மா வெச்சு, கேமராவுல துவாரத்தைச் சின்னதாக்கி, கொஞ்சங் கொஞ்சமா ஃபோகஸ் மாத்தி நாலஞ்சு தடவ எடு, பொறவு சேத்துக்கலாம். அப்பத்தாகிட்ட காட்டறதுக்கு முன்னால இங்க ஒண்ணு போடு.