சூரத் தானியில் டீச்சர் வேலை: வார இறுதிக்கு எந்தத் தீவு, அக்டோபர் லீவுக்கு எந்தத் தீவு?

மணல்வீடு:

எல்லாருக்கும் வணக்கம். நானும் கணவரும் தாய்லாந்தில் சூரத் தானி டவுனில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர்கள். மே மாதம் சேர்ந்தோம், ஒப்பந்தம் மார்ச் வரை. வேலைக்கான நான்-பி (Non-B) விசா, ஒரு வருட நீட்டிப்பு, வொர்க் பர்மிட் எல்லாம் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நாலரைக்குத்தான் பள்ளியை விட்டு வெளியே வர முடியும், திங்கள் காலை கொடியேற்றத்துக்கு நிற்க வேண்டும். இந்த இடைவெளியில் எந்தத் தீவு சரிப்படும்? அக்டோபரில் மூன்று வாரம் லீவு. அதில் லிப்பே தீவு போய் அங்கிருந்து படகிலேயே மலேசியாவின் லங்காவி போகலாம் என்று யோசனை. கணவருக்குப் படகு ஏறினாலே குமட்டும், எனக்கு நீச்சல் தெரியாது. செலவு அளவாக இருந்தால் நல்லது.

உப்புக்காற்று:

தோழி, தீவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள். தாய்லாந்துக்குக் கடல் இரண்டு. மேற்கே அந்தமான் கடல்: புக்கெட், பீ பீ, லாண்டா, லிப்பே எல்லாம் அந்தப் பக்கம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து அடிக்கும். கிழக்கே தாய்லாந்து வளைகுடா: சாமுய், பங்கான், டாவ். அங்கே அக்டோபர் பாதிக்கு மேல் ஆரம்பித்து டிசம்பர் வரை மழை, நவம்பர்தான் மோசம். புகைப்படம் பார்த்து ஆசைப்பட்டு ஜூலையில் லிப்பேக்கும் நவம்பரில் டாவுக்கும் டிக்கெட் போடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

நீங்கள் இருக்கும் ஊர் வளைகுடாத் தீவுகளுக்கு வாசற்படி. டொன்சாக் துறைமுகம் டவுனிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர், வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார் ஏற்றும் பெரிய ஃபெர்ரி அங்கிருந்து சாமுய்க்கு ஒன்றரை மணி நேரம், பங்கானுக்கு இரண்டரை மணி நேரம். சாமுய்க்குக் கடைசி ஃபெர்ரி மாலை 6, 7 மணியோடு முடிந்துவிடும். நாலரைக்குக் கிளம்பினால் பிடிக்கலாம், ஆனால் மூச்சு வாங்கும். அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், அந்த வாரத்து அட்டவணையைப் பாருங்கள்.

அவசரப்படாமல் போக வழி, டவுனுக்குள்ளேயே பான் டொன் துறையிலிருந்து இரவு 11 மணி வாக்கில் கிளம்பும் இரவுப் படகு. சாமுய்க்குத் தனி, பங்கானுக்குத் தனி, டாவுக்குத் தனி. வரிசையாக மெத்தை, ஒரு தலையணை, அவ்வளவுதான் வசதி. விடியும்போது தீவில் இருப்பீர்கள், ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம். விசிறிக் காற்று நேரே அடிக்கும் இடமாகப் பார்த்துப் படுங்கள், ஒரு துண்டு போர்த்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் திரும்பி வர அதே இரவுப் படகை நம்பாதீர்கள். ஞாயிறு ராத்திரி ஏறினால் திங்கள் விடியலில் இறக்கிவிடும் என்பது கணக்கு. காற்று கொஞ்சம் கூடினால் படகு கிளம்பாது, திங்கள் முதல் பீரியட் போச்சு. ஞாயிறு பகலில், கடைசிக்கு முந்தைய ஃபெர்ரியில் திரும்புங்கள். அது ரத்தானால் கைவசம் இன்னும் ஒன்று இருக்கும். இந்தக் காரணத்துக்காகவே சாதாரண சனி ஞாயிறுக்கு டாவ் வேண்டாம். அங்கிருந்து பிற்பகல் 3 மணிக்கு மேல் பகல் படகு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சேர்ந்து லீவு வந்தால் டாவ், மற்றபடி சாமுய் அல்லது பங்கான்.

இன்னொன்று. டிக்கெட்டில் 'சாமுய்' என்று மட்டும் பார்த்துவிட்டு இருக்காதீர்கள். நாத்தோன், லிபா நோய், மே நாம், பங்ராக் என்று தீவைச் சுற்றி நாலைந்து துறை. மேற்குக் கரையில் இறங்கி வடகிழக்கில் ரூம் போட்டிருந்தால், படகில் மிச்சம் பிடித்த காசை டாக்ஸி வாங்கிக்கொள்ளும். முதலில் துறையைப் பாருங்கள், பிறகு ரூம் போடுங்கள். பங்கான் போவதானால் பௌர்ணமி எப்போது என்றும் நாள்காட்டியில் பாருங்கள். ஹாட் ரின் கடற்கரையில் பௌர்ணமிக் கொண்டாட்டம் நடக்கும் நாட்களில் படகிலும் இடம் கிடைக்காது, ரூமும் கிடைக்காது.

நங்கூரம்:

உப்புக்காற்று சொன்னதோடு அக்டோபர் விஷயத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் கேள்வியில் சிக்கலே அதுதான்.

அக்டோபர் லீவு இரண்டு கடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட லீவு. மேற்கே மழை இன்னும் விடவில்லை. அந்தமான் கரையில் செப்டம்பர், அக்டோபர் இரண்டும்தான் அதிக மழை. கிழக்கே மழை தொடங்கப் போகிறது. அந்தமான் பக்கச் சிமிலான் தீவுகள் அக்டோபர் 15க்குத்தான் திறக்கும் (மே 15 வரை), திறந்த முதல் வாரங்களில் கடல் இன்னும் அடங்கியிருக்காது. பீ பீ லேயில் மாயா விரிகுடா ஆகஸ்ட், செப்டம்பர் மூடியிருக்கும், அக்டோபரில் திறக்கும். திறந்திருப்பதும் போய்ச் சேர முடிவதும் வேறு வேறு.

ஆகவே லீவின் முதல் பத்து நாளை டாவ், பங்கான் பக்கம் வையுங்கள். அக்டோபர் முற்பகுதி பெரும்பாலும் தாங்கும். பிற்பகுதிக்கு நாட்டை விட்டு வெளியே போக முடிந்தால் பாலி, நூசா பெனிடா, லொம்போக் ஓரத்து கிலி தீவுகள். அங்கே அப்போது வறண்ட பருவத்தின் கடைசி. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இந்தோனேசியாவில் இறங்கியதும் 30 நாள் விசா, 5 லட்சம் ரூபியா. தொகையைக் கேட்டு அதிர வேண்டாம், அவர்கள் ரூபியாவில் பூஜ்யங்கள் அதிகம். விமானச் செலவு கட்டாது என்றால் சூரத் தானியிலேயே காவ் சோக் இருக்கிறது, சியாவ் லான் ஏரியில் மிதக்கும் குடில்கள். கடல் இல்லைதான், ஆனால் படகு ரத்தாகி, டொன்சாக் கரையில் உட்காருவது போலப் பையோடு உட்காரும் நிலை அங்கே குறைவு.

கடல் நிலவரத்துக்குத் தாய்லாந்து வானிலைத் துறையின் தினசரி அறிக்கையில் ஒரு எண்ணைத்தான் பார்க்க வேண்டும்: அலை உயரம். 1 மீட்டர் என்றால் நிம்மதி. 2 மீட்டருக்கு மேல், சிறு படகுகள் கரையிலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தால் ஸ்பீட் போட் டிக்கெட் வாங்காதீர்கள், கார் ஃபெர்ரி மட்டும். மழை பெய்கிறதா என்பது முக்கியமே இல்லை. வெயில் சுட்டெரிக்கும் நாளிலும் காற்றினால் படகு நிற்கும், கொட்டும் மழையிலும் கடல் தட்டையாகக் கிடக்கும். தொலைபேசியில் கேட்க 1182.

கெடாக்காரன்:

லிப்பே, லங்காவி பற்றி நான் சொல்கிறேன். (சோழர் கல்வெட்டில் வரும் கடாரம் எங்கள் கெடா மாநிலம்தான், லங்காவி அதற்குள்ளே. அந்தக் காலத்தில் வந்தவர்களுக்கு, திரும்பி நுழைய முன்கூட்டியே வாங்கும் ரீ-என்ட்ரி பர்மிட் தேவைப்படவில்லை.)

முதலில், அக்டோபரில் அந்தப் படகு ஓடாது. லிப்பேக்கும் லங்காவிக்கும் இடையே நேரடிப் படகு ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரைதான். யோசனையை மார்ச்சுக்குத் தள்ளுங்கள், அப்போது அந்தமான் கடல் குளம் மாதிரி இருக்கும். சூரத் தானியிலிருந்து ரயிலில் ஹாட் யாய், அங்கிருந்து வேனில் இரண்டு மணி நேரத்தில் சத்தூன் மாகாணத்துப் பாக் பாரா துறை, பிறகு ஸ்பீட் போட். தாருதாவ் தேசியப் பூங்காவுக்குக் கட்டணம் தனி. லிப்பேயில் குடிவரவுச் சாவடி பட்டாயா கடற்கரை மணலிலேயே இருக்கிறது. மணலிலிருந்து 'நீள்வால்' என்னும் சிறு மரப் படகில் ஏறிப் பெரிய படகுக்கு மாற வேண்டி வரும். முழங்கால் வரை நனையும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மலேசிய நேரம் ஒரு மணி முன்னால், திரும்பும் படகுக்கு இதை மறந்து தாமதமாக வருகிறவர்கள் பலர்.

இப்போது முக்கியமானது. உங்களிடம் இருப்பது தங்கும் அனுமதியின் நீட்டிப்பு. ரீ-என்ட்ரி பர்மிட் இல்லாமல் தாய்லாந்தை விட்டு ஒரு மணி நேரம் வெளியே போனாலும் அந்த நீட்டிப்பு செத்துவிடும், புதிதாக நான்-பி எடுக்கும் வேலை முதலிலிருந்து. சூரத் தானிக் குடிவரவு அலுவலகத்தில் டி.எம். 8 படிவம், ஒரு புகைப்படம், பாஸ்போர்ட் நகல் கொடுத்தால் போதும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. கிளம்புவதற்கு முந்தைய வாரமே எடுத்துவிடுங்கள். பெரிய சர்வதேச விமான நிலையங்களில் கடைசி நேரத்தில் எடுக்கலாம். லிப்பே மாதிரிச் சிறு சாவடியில் கிடைக்கும் என்று போகாதீர்கள்.

மலேசியாவுக்கு வரும் முன் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்துக்குத் திரும்பும்போது அவர்களுடைய டிஜிட்டல் அட்டை. 2025 மே 1 முதல் வொர்க் பர்மிட் உள்ளவர்களுக்கும் கட்டாயம். வந்து சேர்வதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பலாம். இரண்டும் இலவசம். காசு கேட்டால் அது போலித் தளம்.

மார்ச் என்றதும் இன்னொரு பள்ளம். ஒப்பந்தம் முடியும் தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ள நீட்டிப்புத் தேதியும் ஒன்றாக இருக்காது. முத்திரையில் மே வரை என்று இருந்தாலும், வேலை முடிந்துவிட்டதாகப் பள்ளி எழுதிக் கொடுத்தால் தங்கும் உரிமையும் அதோடு முடிகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா, எந்தத் தேதியில் கடிதம் போகும் என்று பிப்ரவரியிலேயே அலுவலகத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். அனுமதி தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம்.

மணல்வீடு:

ரொம்ப நன்றி, அக்டோபர் லிப்பே திட்டத்தைக் கைவிட்டாச்சு. இரண்டே கேள்வி. குமட்டலுக்கு என்ன செய்வது? தீவில் ஸ்கூட்டர் எடுக்கலாமா? இந்தியாவில் எங்கள் இருவருக்கும் லைசென்ஸ் இருக்கிறது.

முதலுதவிப்பெட்டி:

குமட்டலுக்கு டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். படகு கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரும், இறங்கியதும் வண்டி ஓட்டக் கூடாது. கீழ்த் தளத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள்; முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். போனைப் பையில் வைத்துவிட்டுத் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். டிக்கெட்டில் கட்டமரான் என்று போட்டிருப்பது அதிவேகப் படகு (நம் கட்டுமரம்தான் ஊர் சுற்றிவிட்டு எஞ்சினோடு வந்திருக்கிறது). அலை இருக்கும் நாளில் அது குதிக்கும், அவருக்கு மெதுவாகப் போகும் கார் ஃபெர்ரியே நல்லது, விலையும் குறைவு.

ஸ்கூட்டருக்கு, ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதில் மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருந்தால் விபத்தில் காப்பீடு கைவிரித்துவிடும். வொர்க் பர்மிட் இருப்பதால் தாய் லைசென்ஸே எடுத்துவிடுங்கள், மருத்துவச் சான்றிதழோடு தரைப் போக்குவரத்து அலுவலகம் போனால் முடியும். வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள், பணமாக வைப்புத்தொகை வாங்கிக்கொள்ளும் கடையைத் தேடுங்கள். வண்டியை எடுக்கும் முன், கடைக்காரர் நிற்கும்போதே, சுற்றிலும் வீடியோ எடுங்கள்: மட்கார்டின் அடி, கண்ணாடியின் பின்புறம், சைலன்சர் மேல் கீறல்.

பங்கானில் தோங் சாலா துறையிலிருந்து ஹாட் ரின் போகும் சாலையில் இறக்கங்கள் செங்குத்து. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடிவிட்டு மெதுவாக இறங்கினால் கிளட்ச் விலகிவிடும், எஞ்சின் பிடிக்காது, வண்டி சும்மா உருளும். அப்போது பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிமானம் போய்விடும். ஆக்ஸிலேட்டரை ஒரு மயிரிழை திறந்தே வைத்தால் கிளட்ச் சேர்ந்திருக்கும், எஞ்சினும் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். வளைவில் மணல் கிடக்கும், அங்கே முன் பிரேக் கூடாது.

நீச்சல் தெரியாதவர்களுக்கு ஆழத்தை விடச் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பெரிய கவலை. வளைகுடாவில் பெட்டிச் சொறி (box jellyfish) என்ற வகை உண்டு, மழை மாதங்களில் அதிகம். உடலை ஒட்டிய முழுக்கை நீச்சல் உடை போட்டால் பெருமளவு தப்பலாம். கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. கடற்கரையில் கம்பத்தில் வினிகர் பாட்டில் மாட்டியிருப்பார்கள், அதைக் குறைந்தது 30 விநாடி விடாமல் ஊற்றுங்கள். வலி அதனால் குறையாது, ஆனால் தோலில் ஒட்டியிருக்கும் மிச்சக் கொடுக்குகள் வெடிக்காமல் நிற்கும். மூச்சு திணறினால் உடனே அவசர மருத்துவ உதவி எண் 1669. சாமுய் போன உடனே எந்தக் கம்பத்தில் பாட்டில் இருக்கிறது, உள்ளே வினிகர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள்.

உப்புக்காற்று:

விட்டுப்போனது: தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை, அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகும். குழாயின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். உங்கள் சமூகப் பாதுகாப்பு அட்டை பதிவு செய்த ஒரு மருத்துவமனைக்குத்தான். தீவின் தனியார் மருத்துவமனை பில்லுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். நீள்வால் படகில் ஏறும் நாளில் பாஸ்போர்ட்டும் போனும் 10 லிட்டர் நீர்புகாப் பையில், வாயை மூன்று மடிப்பு சுருட்டிக் கொக்கி மாட்டி. இரண்டு மடிப்பு போதாது.