நவம்பரில் எவரெஸ்ட் அடிவாரம்: எந்த வாட்டர் ஃபில்டர் எடுப்பது?

மலைக்காத்து:
நவம்பர் முதல் வாரம் நேபாளத்தின் லுக்லாவில் விமானத்தில் இறங்கி எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நானும் தம்பியும் நடக்கப்போகிறோம். போர்ட்டர் கிடையாது, எல்லாம் எங்கள் முதுகில்தான், அதனால் ஒவ்வொரு கிராமையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பையில் தண்ணீர் பிடித்துப் பிழிந்து வடிகட்டும் சாயர் ஸ்க்வீஸ் ஃபில்டர் 85 கிராம், பாட்டிலையே அழுத்தி வடிகட்டும் கிரேயில் ஜியோபிரஸ் 450 கிராம். சாயரே போதும் என்று தோன்றுகிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றையடி:
தாராளமாகப் போதும். அன்னபூர்ணா சுற்று முழுக்க நான் அதை வைத்துத்தான் குடித்தேன், ஒரு நாள்கூட வயிறு கெடவில்லை. அதன் துளை 0.1 மைக்ரான். பேதி வரவைக்கும் ஒட்டுண்ணிகளான ஜியார்டியா, கிரிப்டோ (கிரிப்டோஸ்போரிடியம்) எல்லாம் அதைப்போல் பல மடங்கு பெரியவை, பாக்டீரியாவும் தப்பாது. ஓடையைக் கண்ட இடத்தில் பிழிந்து குடித்துவிட்டுக் கிளம்பலாம், மூன்று லிட்டர் சுமக்கிற இடத்தில் ஒரு லிட்டர் போதும், இரண்டு கிலோ மிச்சம். ஃபில்டரோடு வருகிற தண்ணீர்ப் பையை மட்டும் நம்பாதீர்கள், அழுத்தி அழுத்தி ஓரம் விட்டுவிடும். கோலா பாட்டில் மரை அதில் சரியாக உட்காரும், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சாரல்:
ஒற்றையடி அண்ணா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 0.03 மைக்ரான் அளவுதான், 0.1 துளை அதற்கு வாசல் கதவு மாதிரி. பேதி வரவைக்கும் நோரோ, ரோட்டா வைரஸ் இரண்டும் அப்படித்தான். ஆளே இல்லாத காட்டு ஓடை என்றால் நானும் சாயர் போதும் என்பேன். ஆனால் இந்தப் பாதையில் வழிநெடுக ஊர், லாட்ஜ், கழிவறைக் குழி. ஒரு லாட்ஜுக்குப் பின்னால் பார்த்தேன், குழிக்குக் கீழே பத்தடி தூரத்தில் ஓடை, அந்த ஓடையிலிருந்துதான் கறுப்புக் குழாய் கீழ் ஊருக்குப் போகிறது. அதில் பிழிந்து குடிக்கச் சொல்கிறீர்களா?

ஒற்றையடி:
குழிக்குக் கீழே யார் பிடிக்கச் சொன்னார்கள், ஊருக்கு மேலே பிடியுங்கள். ஹெபடைடிஸ் ஏ-க்குத் தடுப்பூசி இருக்கிறது, போட்டுக்கொண்டு போகலாம். வைரஸைக் கொல்லக் குளோரின் மாத்திரை போடலாம் என்றால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் இன்னும் அதிகம், அதற்குமேல் நீச்சல் குள வாசனை. இத்தனைக்குப் பிறகும் கிரிப்டோ சாகாது.

சாரல்:
கிரிப்டோ சாகாது என்பது சரி, அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். முதலில் ஃபில்டர், அப்புறம் மாத்திரை. ஒரு அட்டை மாத்திரை என்ன எடை இருந்துவிடும்! நோரோவுக்கு ஊசி எங்கே இருக்கிறது? நாலாயிரம் மீட்டருக்கு மேல் பேதி வந்தால் உடம்பில் தண்ணீர் வற்றும், தலைவலி வந்தால் அது உயரத்தாலா பேதியாலா என்றே தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது, உறைபனி. வழியில் இருக்கிற திங்போச்சே ஊர் 4,410 மீட்டர், அங்கே ஒரு ராத்திரி ஃபில்டரை ரக்சாக் பக்கப் பையில் மறந்துவிட்டேன். காலையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கல் உப்பு மாதிரி கரகரவென்று சத்தம். வெயிலில் வைத்ததும் இளகியது, பார்க்க ஒரு கீறல் இல்லை, தண்ணீரும் வழக்கத்தைவிட வேகமாக வந்தது. அந்த வேகம்தான் எனக்குப் பயம். உள்ளே இருக்கிற மெல்லிய இழைக் குழாய்கள் வெடித்திருந்தால் அப்படித்தான் வரும், வடிகட்டாமலே. தூக்கிப் போட்டுவிட்டு மீதி நாள் மாத்திரையில் ஓட்டினேன். மாத்திரை இல்லையென்றால் திரும்பியிருப்பேன்.

நாஞ்சில்நடை:
இரண்டு பேரும் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்? லாட்ஜில் கொதிநீர் வாங்குங்கள். அடிவார முகாமுக்கு முந்தைய கடைசி லாட்ஜ் இடமான கோரக் ஷெப் 5,164 மீட்டர், அங்கே தண்ணீர் 83 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனாலும் மூன்று நிமிடம் கொதித்தால் வைரஸ் முதல் கிரிப்டோ வரை எல்லாம் காலி. ராத்திரி அந்த பாட்டிலை ஸ்லீப்பிங் பேகுக்குள் காலடியில் வைத்துக்கொண்டால் வெதுவெதுப்பு, காலையில் குடிதண்ணீர். ஃபில்டரே வேண்டாம்.

ஒற்றையடி:
மேலே போகப்போக விலை என்ன ஆகிறது என்று பார்த்தீர்களா? ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் வேண்டும். தவிர அடுப்பில் விறகோ சாணமோ தீர்ந்துகொண்டிருக்கிற சமையலறையில் மூன்று நிமிடம் கொதிக்க விட்டார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? சூடாக இருந்தால் கொதித்தது என்று அர்த்தமில்லை.

சாரல்:
இதில் நான் அண்ணா பக்கம். சுடுதண்ணீர் வேறு, கொதித்த தண்ணீர் வேறு.

மலைக்காத்து:
சரி, சாயரும் இரண்டு அட்டை மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். பாதையோரம் ஓடும் துத் கோசி ஆற்றில் நேரடியாகப் பிடிக்கலாமா?

ஒற்றையடி:
வேண்டாம். பெயரே பால் ஆறு, பனிப்பாறை அரைத்த மாவு கலந்து வெள்ளையாக வரும், நாலு பாட்டிலில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பக்கத்திலிருந்து வந்து சேருகிற தெளிந்த ஓடையில் பிடியுங்கள். அடைப்பு எடுக்க ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவுகிற சிரிஞ்சை எடை பார்த்து வீட்டில் விட்டுவிடாதீர்கள். மாத்திரை வழியில் வரும் பெரிய ஊரான நாம்சே வரைக்கும்தான் தேவைப்படும், அதற்கு மேல் நான் போட மாட்டேன்.

சாரல்:
நாம்சேக்கு மேலும் லாட்ஜ் இருக்கிறது அண்ணா, நான் கடைசி வரை போடுவேன். மலைக்காத்து, ஃபில்டரை ஜிப் பையில் போட்டு ராத்திரி ஸ்லீப்பிங் பேகுக்குள் வையுங்கள், பகலில் ஜாக்கெட்டின் உள்பையில். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் ஈரமாக இருக்கும்போது வாய் வைத்து ஊதிப் பாருங்கள். நல்ல ஃபில்டரில் காற்று போகாது. போனால் அதற்குப் பிறகு அதில் குடிக்காதீர்கள், தம்பிக்கும் கொடுக்காதீர்கள்.