பங்குனி வந்தாலே பதற்றம்: யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். திருவான்மியூரில் இருக்கிறேன். மூன்று வருடமாகக் கவனிக்கிறேன்: மார்ச் மாதம் எங்கள் தெரு வேப்பமரம் பூக்கும்போது என் தூக்கம் போய்விடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென அடித்து எழுப்பிவிடும். சோறு இறங்காது. குழந்தையிடம் எரிந்து விழுகிறேன், அப்புறம் குளியலறையில் போய் அழுகிறேன். ஆடியில் நாலு தூறல் விழுந்த பிறகுதான் பழைய ஆளாகிறேன்.

பருவகால மனச்சோர்வு என்றார் மருத்துவர். குளிர்காலத்தில் வந்தால் தூக்கமும் பசியும் கூடுமாம். வெயில் காலத்தில் வந்தால் இரண்டும் குறைந்து பதற்றம் ஏறுமாம். எனக்கு இரண்டாவது வகை. அத்தை "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளிம்மா" என்கிறார். பாசம்தான், ஆனால் அது போதவில்லை.

போன வாரம் ஒரு ராத்திரி தாங்க முடியாமல் 14416க்கு அழைத்தேன். அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். தேவைப்படுபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கேள்வி. மாசியிலேயே மாத்திரையைத் தொடங்கலாமா என்று மருத்துவர் யோசிக்கிறார். அப்படி முன்கூட்டியே தொடங்கியவர்கள் இருக்கிறீர்களா? பலன் இருந்ததா? அடையாறு பக்கம் மாலை ஆறு மணிக்கு மேல் தமிழில் பேசும் மனநல ஆலோசகர் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். புழுக்கத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.