அம்மாவை மெரினாவில் அலை வரை கூட்டிப்போக வேண்டும்

வணக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வீல்சேர்தான். இரண்டு பேர் பிடித்தால் நாலடி நடப்பார். கடலில் கால் நனைக்க வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்கிறார். ஒருமுறை கூட்டிப்போனோம், முன்சக்கரம் மணலில் புதைந்து, பாதியிலேயே திரும்பினோம். தூரத்திலிருந்தே கடலைப் பார்த்த அவர் முகம் இன்னும் என்னை உறுத்துகிறது.

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை 263 மீட்டர் நீளம். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: பலகைகள் உறுதியாக இருக்கின்றனவா? பாதை முடிகிற இடத்திலிருந்து அலைக்கு எவ்வளவு தூரம்? மணலில் ஓடும் அகலச் சக்கர நாற்காலி அங்கே கிடைக்குமா? அப்புறம், வீல்சேர் நுழைகிற கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா? அது தெரியாமல் அம்மா கிளம்பவே மாட்டார்.