மழைக்கு அப்புறம் ஆற்றில் இறங்கலாமா?

கேள்வி: மழை விட்டதும் ஆற்றங்கரைக்குப் போனேன். கழிவுநீர்க் குழாயின் வாயில் சாம்பல் நிற நுரை, கோரைப்புல்லில் காகிதக் கூழ் ஒட்டியிருக்கிறது. நூறு அடி தள்ளித் தண்ணீர் தெளிவு, நாற்றமும் இல்லை. என் மகள் அங்கேதான் நீச்சல் பழகுகிறாள். முழங்காலில் சிராய்ப்பு வேறு. விடலாமா?

பதில் 1: வேண்டாம். தெளிவை நம்பாதீர்கள், கிருமி கண்ணுக்குத் தெரியாது. மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகும் ஊர்களில், கனமழையில் குழாய் நிரம்பிக் கழிவு அப்படியே ஆற்றில் விழும். மழை விட்டாலும் 2, 3 நாள் பொறுங்கள். குழாய்க்குக் கீழே என்றால் வெயில் நாளிலும் வேண்டாம். தண்ணீரில் மலக் கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமிக்கான பரிசோதனை முடிவு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அது நேற்றைய தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும்.

பதில் 2: எனக்குச் சிராய்ப்புதான் பயம். எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உள்ளே போகும்.

கேள்வி கேட்டவர்: ஐயோ, போன வாரமே இறங்கிவிட்டாளே!

பதில் 2: பதறாதீர்கள், எல்லோருக்கும் வராது. வந்தால் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தெரியும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். ஆற்றில் இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள்.