பள்ளிக்கூடம் தரும் அறையா, வெளியே வாடகை வீடா?

மார்த்தாண்டம் அக்கா:
தங்கைக்குத் தாய்லாந்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேலை கிடைத்திருக்கிறது. பேங்காக் இல்லை, வடகிழக்கே கோராட் பக்கம். மே மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது சேர வேண்டும். பள்ளி காம்பவுண்டுக்குள் வாடகையில்லாமல் ஒரு அறை தருகிறார்கள். வேண்டாம் என்றால் மாதம் 5,000 பாத் கையில் தருவார்களாம், வெளியே நாமே பார்த்துக்கொள்ளலாம். "காம்பவுண்டுக்குள்ள கிடக்கட்டும்" என்கிறாள் அம்மா. தங்கைக்கோ வெளியே இருக்கத்தான் ஆசை. வெளிநாட்டில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை டீச்சர்:
அம்மா சொன்னதைக் கேட்கச் சொல்லுங்கள். நான் எட்டு வருஷம் மாலத்தீவில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். திருவனந்தபுரத்தில் ஏறினால் தலைநகர் மாலே பக்கம்தான். ஆனால் அங்கிருந்து தீவுக்குப் படகு பிடிப்பது தனிப் பாடு. பள்ளிக்கூடம் பிடித்துத் தந்த வீட்டில் நாங்கள் மூன்று டீச்சர்கள். குடிக்கத் தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். அது தீர்ந்தால் யார் வீட்டில் கேட்பது, காய்கறி ஏற்றிய படகு என்றைக்கு வரும், கேஸ் சிலிண்டருக்கு எங்கே சொல்வது, எல்லாம் பள்ளிக்கூட ஆயாம்மா சொல்லித்தான் தெரியும். எங்களோடு வந்து மாலேயில் தனியாக வீடு எடுத்தவர்கள் சம்பளத்தில் பாதியை வாடகைக்கே கொடுத்தார்கள். இரண்டு சதுர கிலோமீட்டர் ஊரில் வேறென்ன நடக்கும்?

இரணியல்காரன்:
தீவுக்கு நீங்கள் சொல்வது சரி டீச்சர். கோராட் தீவு இல்லையே. நான் தாய்லாந்தில் ஐந்து வருஷமாக இருக்கிறேன். வேலைக்கு வருகிறவர்களின் நான்-பி விசா, வேலை தரும் பள்ளிக்கூடத்தோடு கட்டியது. வேலை போனால் விசா போகும். தங்குகிற அறையும் அவர்களுடையது என்றால், பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

என் முதல் பள்ளிக்கூடத்தில் இப்படி ஓசி அறைதான். சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டுவார்கள், "இங்கிலீஷ் கேம்ப் இருக்கிறது, வாருங்கள்" என்று. காய்ச்சல் என்று லீவு போட்டால் கதவைத் திறந்து பார்க்க ஆள் வரும். ராத்திரி 9 மணிக்கு கேட் பூட்டிவிடுவார்கள். வாடகை கொடுக்கவில்லை என்றுதான் பெயர்.

தக்கலை டீச்சர்:
கணக்கையும் சொல்லுங்கள் தம்பி. போய் இறங்கின அன்றைக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

இரணியல்காரன்:
இரண்டு மாத அட்வான்ஸ், ஒரு மாத வாடகை. அதுதான் வழக்கம். 4,500 பாத் அறை என்றால் 13,500. நம் காசுக்கு 35,000 ரூபாய்க்கு மேல் வரும். சம்பளம் மாதக் கடைசியில்தான், அதனால் அதுவரைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கையில் வேண்டும். கரண்ட் பில்லை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அரசு யூனிட்டுக்கு 4 பாத் சுற்றி வாங்கினால், அறைக்காரர் 7, 8 என்று போடுவார். அப்புறம், அறையில் அடுக்களை இருக்காது. பால்கனியில் ஒரு தொட்டி, அவ்வளவுதான். கோராட் பக்கம் கண்ணுக்கெட்டின தூரம் வரை மரச்சீனித் தோட்டம். அவித்து மீன்கறி ஊற்றித் தின்னத்தான் அடுப்பு இல்லை.

தக்கலை டீச்சர்:
கடன் வாங்கி டிக்கெட் எடுக்கிற பிள்ளைக்கு முதல் நாளே இன்னொரு 35,000. நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கருங்கல் கொரியா:
நான் டீச்சர் இல்லை, கொரியாவில் கப்பல் கட்டும் வேலை. பக்கத்து அறையில் இருந்தவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இங்கிலீஷ் டீச்சர். அங்கே இங்கிலீஷ் டீச்சர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். அரசுப் பள்ளித் திட்டத்தில் வந்தவர். அப்போது வீடு தருவார்கள், இல்லையென்றால் மாதம் 4 லட்சம் வோன். அவர் காசுதான் வாங்கினார். ஆனால் மாத வாடகை வீட்டுக்கே 50 லட்சம், 1 கோடி வோன் என்று டெபாசிட் கேட்கும் ஊர் அது. அங்கே ஜோன்செ என்று ஒன்று உண்டு. பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இரண்டு வருஷம் இருக்கலாம், போகும்போது பணம் திரும்ப வரும். அச்சு அசல் நம்ம ஊர் ஒத்தி. அதில் ஏமாந்தவர்கள் பெருகிப்போய் 2023-ல் தனிச் சட்டமே போட்டார்கள்.

பார்வதிபுரம் பாலம்:
ஒத்திப் பணத்துக்கு நடையாய் நடக்கிற கதை கொரியா வரைக்கும் போயாச்சா! நாகர்கோவில்காரன் யாரோதான் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

குமரிமுனை லாட்ஜ்:
இரணியல்காரர் ஒன்றை விட்டுவிட்டார். எங்கள் லாட்ஜில் வெள்ளைக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு ஏற்ற வேண்டும், முன்பு சி படிவம் என்பார்கள். வீட்டில் தங்க வைத்தாலும் அதே சட்டம்தான். தாய்லாந்திலும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும், டிஎம் 30 என்பார்கள். வரிக்குப் பயந்து சிலர் செய்ய மாட்டார்கள். அப்புறம் விசா நீட்டிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வது குடியிருப்பவர்தான். பள்ளிக்கூட அறை என்றால் அந்த வேலையை அலுவலகமே பார்த்துவிடும்.

இரணியல்காரன்:
உண்மைதான். அதனால்தான் "டிஎம் 30 போடுவீர்களா" என்று கேட்டு, சரி என்று சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்கப் பயந்து வருஷம் முழுக்க ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணெதிரே துணி காயப்போட வேண்டுமா?

தக்கலை டீச்சர்:
மொழி தெரியாத ஊரில், தாய் எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதைவிடக் கண்ணெதிரே துணி காயப்போடலாம். முதல் பருவம் உள்ளே இருக்கட்டும். அக்டோபர் லீவுக்குள் தெருவும் தெரியும், நாலு ஆளும் தெரியும்.

இரணியல்காரன்:
இருக்கட்டும். ஆனால் அக்டோபரில் வெளியே போனால் அந்த 5,000 பாத் கிடைக்கும் என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை அங்கே போய்க் கேட்டால், அப்படி யார் சொன்னது என்பார்கள்.

மார்த்தாண்டம் அக்கா:
எல்லாவற்றையும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். எழுத்தில் தரச் சொல்லி மெயில் போட்டாள், அறையை வீடியோ எடுத்து அனுப்பவும் கேட்டாள். மெயிலுக்குப் பதில் இன்னும் இல்லை. வீடியோ நேற்று வந்தது. கட்டில், மின்விசிறி, பச்சைத் திரை போட்ட ஜன்னல், பரவாயில்லாத குளியலறை. கடைசியில் எடுத்தவர் வெளியே வரும்போது கதவின் உள்பக்கம் தெரிந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைதான் இருக்கிறது. அம்மா அந்த இடத்தை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். அதற்கப்புறம் காம்பவுண்டுப் பேச்சை எடுக்கவில்லை.